மாதம் மூவாயிரம் எங்கே மிச்சம் பிடிப்பது? தேன்குழல், வேன், பள்ளிக்கூடம்: ஒரு காரைக்குடி வீட்டுக் கணக்கு

போன ஐப்பசியோடு என் வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் நின்றுவிட்டது. மாதம் 3,000 ரூபாய் குறைந்தது. காரைக்குடியில் வாடகை வீடு, பையன் ஆறாவது, மகள் இரண்டாவது, கூட அத்தை. வாடகையைக் குறைக்க முடியாது, அத்தையின் மாத்திரையைக் குறைக்க முடியாது. மிச்சம் பிடிப்பதென்றால் பிள்ளைகளைச் சுற்றி நடக்கும் செலவில்தான் பிடிக்க வேண்டும். அங்கேதான் கையும் மனசும் கூசும்.

ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். அடுத்த வீட்டு ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் கல்யாணமான பிள்ளையை ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கம் உண்டு. தனி வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. அதே வீட்டில் வளவு என்கிற நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று, தனி அடுப்பு, தனிக் கணக்கு. வருஷத்துக்கு இவ்வளவு என்று பணமும் சாமானும் கொடுத்துவிடுவார்கள், அதற்குள் புதுப்பெண் குடும்பம் நடத்திப் பழக வேண்டும். ஆச்சியையும் அப்படி வேறு வைத்திருக்கிறார்கள். “மாமியா அரிசி பருப்பெல்லாம் அளந்து கொடுத்தாக. முத வருஷம் எல்லாம் சரியா வந்துச்சு, புளி மட்டும் பத்தலை. கேக்கக் கூடாதுன்னு எனக்குப் பிடிவாதம். ரெண்டு மாசம் எலுமிச்சம்பழத்தை வச்சே ஓட்டினேன்” என்றார்கள். அப்புறம் என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “காசை மட்டும் எழுதாத ஆத்தா, உன் நேரத்தையும் எழுது” என்றார்கள்.

அந்த ஒரு வார்த்தைதான் என் கணக்கை மாற்றியது. ஒவ்வொரு வழிக்கும் எத்தனை ரூபாய், எத்தனை மணி நேரம், எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தால் அந்த வழி நிற்குமா என்று மூன்று கட்டம் போட்டேன். மூன்றாவது கட்டத்தில் தேறாத எதையும் இப்போது நான் சிக்கனம் என்று எண்ணுவதில்லை.

முதலில் எடுத்தது சாயங்காலத் தின்பண்டம். நாலரை மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது? தெருமுனைக் கடையில் ஆளுக்கு ஒரு பத்து ரூபாய் பாக்கெட் என்பது எங்கள் வீட்டில் வழக்கமாகிவிட்டிருந்தது. மாதம் 25 நாள் என்று வைத்தால் 500 ரூபாய். இதற்கு எதிரே இரண்டு வழிகள்: பலகாரக் கடையில் கிலோவாக வாங்கி வைப்பது, அல்லது வீட்டில் சுடுவது. பலகாரத்துக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு சிப்ஸ் பாக்கெட் வாங்கிக் கொடுப்பது எனக்கு முதலிலிருந்தே உறுத்தல். ஆனால் உறுத்தலை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று தராசை எடுத்தேன்.

பாக்கெட்டின் பின்புறம் எடையைப் பார்த்தால் 20 கிராம், 25 கிராம் என்றுதான் இருக்கிறது. அப்படியானால் கிலோ 400 முதல் 500 ரூபாய். நான் வாங்கும் கடையில் தேன்குழலும் கைமுறுக்கும் கிலோ 400 ரூபாயை ஒட்டித்தான். ஆக, எடைக்கு எடை பார்த்தால் பாக்கெட்டும் கடைப் பலகாரமும் ஏறக்குறைய ஒரே விலை. இது எனக்கு எதிர்பாராத விடை. பத்து ரூபாய் என்பதால் மலிவு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

வீட்டில் சுட்டால்? தேன்குழலுக்கு நாலு பங்கு பச்சரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. ஒரு கிலோ அரிசி 60 ரூபாய், கால் கிலோ உளுந்து 35, மில்லில் அரைக்க 20, வெண்ணெய், சீரகம், உப்பு எல்லாம் சேர்த்து 25. சட்டியில் ஒரு லிட்டர் ஊற்றினால் மாவு குடிப்பது கிட்டத்தட்ட அரை லிட்டர், கடலை எண்ணெய் என்றால் அது 90. அடுப்பு இரண்டு மணி நேரம் எரிகிறது, கேஸுக்கு 20 என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் 250 ரூபாய். எங்களுக்கு வந்தது ஒரு கிலோ 600 கிராம். கிலோவுக்கு 160 ரூபாய் கூட ஆகவில்லை.

இங்கேயே நிறுத்தியிருந்தால் வீட்டில் சுடுவதே சரி என்று முடித்திருப்பேன். நேரத்தை எழுதினேன். அரிசியைக் கழுவி, வெள்ளை வேட்டியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் ஒட்டாத ஈரப் பதத்தில் எடுத்து, உளுந்தை நிறம் மாறாமல் வாசம் வரும்வரை வறுத்து, மில்லுக்குப் போய் வரிசையில் நின்று, சலித்து, பிசைந்து, பிழிந்து, எண்ணெயில் சலசலப்பு அடங்கும்வரை காத்து ஒவ்வொரு ஈடாக எடுப்பதற்குள் நாலு மணி நேரம் போய்விடுகிறது. கடை விலையோடு பார்த்தால் மிச்சம் 390 ரூபாய். மணிக்கு நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் ஓய்வு என்றால், இந்த நூறு ரூபாய் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கடையில் வாங்குங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

முதல் முறை சுட்டபோது ஒரு தவறும் செய்தேன். வேலை முடிந்தால் போதும் என்று சூடு முழுவதும் ஆறும் முன்பே டின்னில் அடைத்து மூடிவிட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் நமுத்துப் போயிருந்தது. மகள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஒன்றும் சொல்லாமல் தட்டிலேயே வைத்துவிட்டாள். பாதிக்கு மேல் மாட்டுக்குத்தான் போயிற்று. வீணானதையும் செலவில் எழுத வேண்டும். அந்த மாதம் வீட்டுப் பலகாரம்தான் எங்களுக்கு விலை அதிகம்.

இன்னொன்றும் கவனித்தேன். பாக்கெட்டில் ஒரு வசதி இருக்கிறது, அது 20 கிராமில் முடிந்துவிடும். டின் முடியாது. இரண்டாம் முறை நன்றாக வந்த ஒன்றரைக் கிலோவும் ஒன்பது நாளில் காலி. பையன் படிக்கும்போது ஒன்று, விளையாடிவிட்டு வந்து ஒன்று, நானும் டீயோடு இரண்டு. இப்போது ஞாயிற்றுக்கிழமை இரண்டு சின்ன டப்பாவில் வாரத்துக்கானதைப் போட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறேன். தீர்ந்தால் அடுத்த ஞாயிறுதான். முதல் வாரம் பையன் புதன்கிழமையே காலி செய்துவிட்டான். மறுவாரத்திலிருந்து அவனே எண்ணி வைத்துக்கொள்கிறான்.

கடைசியில் நாங்கள் பிடித்த வழி இதுதான். எங்கள் தெருவில் மூன்று வீடு சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை சுடுகிறோம். ஒருத்தி பிசைய, ஒருத்தி பிழிய, ஒருத்தி எடுக்க, மூன்று மடங்கு மாவும் மூன்றரை மணி நேரத்தில் முடிகிறது. எண்ணெய்ச் சட்டி ஒன்று, அடுப்பு ஒன்று, மில் நடை ஒன்று. முன்பெல்லாம் கல்யாணப் பலகாரம் இப்படித்தானே ஆளாளுக்கு ஒரு வேலையாக உட்கார்ந்து சுட்டார்கள். எனக்கு உடம்பு சரியில்லாத மாதம் மற்ற இருவரும் சுட்டுக் கொடுத்தார்கள், மூன்றாவது கட்டத்திலும் தேறிவிட்டது. கைமுறுக்கு மட்டும் முயல வேண்டாம். மாவை விரலால் முறுக்கிச் சுற்றுவது வருஷக்கணக்கில் பழகிய கைக்குத்தான் வரும். அதைக் கடையில் கால் கிலோ வாங்கினால் போதும், சுற்றுபவர்களின் கைக்கும் அது கூலி.

மற்ற நாட்களில் எண்ணெயே வேண்டாம் என்பது என் கட்சி. கொண்டைக்கடலை 60 கிராம் ஊறப் போட்டால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு கிண்ணம் சுண்டல், தேங்காயோடு பத்து ரூபாய்க்குள் அடங்கும். இட்லி மாவு புளிக்கத் தொடங்கும் நாளில் வெங்காயம், கடுகு தாளித்துக் கொட்டிக் குழிப்பணியாரம். பாசிப்பருப்பை வறுத்து அரைத்து வைத்த மாவு இருந்தால், சர்க்கரைப் பொடி சேர்த்து நெய்யைக் காய்ச்சி ஊற்றிப் பிடிக்கும் மாவுருண்டை பத்து நிமிஷ வேலை. கவுனி அரிசி, பால் பணியாரம் இதெல்லாம் நாள் கிழமைக்கு இருக்கட்டும், அதில் சிக்கனம் தேடாதீர்கள். பாக்கெட் 500, ஞாயிற்றுக்கிழமை பேக்கரி 200 என்று போனது இப்போது எல்லாம் சேர்த்து 400-க்குள் நிற்கிறது. மிச்சம் 300.

இவ்வளவு பாடுபட்டு முந்நூறா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அடுத்தது பள்ளிக்கூடம் போய்வரும் செலவு. பையன் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கிறான், அவனுக்கு அரசு பஸ் பாஸ் இலவசம். தெருப் பையன்கள் நாலு பேர் சேர்ந்தே போகிறார்கள். அவனைப் பற்றிக் கவலையில்லை. மகள் நாலு கிலோமீட்டர் தள்ளித் தனியார் பள்ளியில். வேனுக்கு மாதம் 1,100.

வேனை நிறுத்திவிட்டு ஸ்கூட்டியில் நானே கொண்டுபோய் விடலாம் என்று தோன்றியது. பல வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள். காலையில் போக, வர, சாயங்காலம் போக, வர என்று ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர். 22 நாளைக்கு 352. வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தால் கிட்டத்தட்ட எட்டு லிட்டர் பெட்ரோல், 800 ரூபாய்க்கு மேல். டயர் தேய்மானம், ஆயில் மாற்றுவது தனி. மிச்சம் 300 கூட வராது. அதற்குத் தினமும் ஒரு மணி நேரம், மாதம் 22 மணி நேரம் ரோட்டில். மணிக்குப் பதிமூன்று ரூபாய்! தேன்குழலே எவ்வளவோ மேல். பள்ளிக்கூடம் வேலைக்குப் போகும் வழியில் இருந்தால் மட்டுமே ஸ்கூட்டி லாபம். அதற்காகவே தனியாக வண்டி எடுத்தால் வேன்தான் மலிவு.

டவுன் பஸ் என்றால் எனக்கும் மகளுக்கும் டிக்கெட்டே இல்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, பெண் குழந்தைகளுக்கும் அப்படியே. காசுக் கட்டத்தில் பூஜ்யம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்ப முடியாது, நான் கூடப் போக வேண்டும். பஸ்ஸுக்குக் காத்து நிற்பதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு இரண்டேகால் மணி நேரம். ஒரு வாரம் போய்ப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மழை, புத்தகப் பையும் நனைந்து, மகள் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டாள். பிள்ளை பத்து வயதைத் தாண்டி, கூடப் போகத் தோழிகளும் இருந்தால் டவுன் பஸ்ஸுக்கு ஈடு எதுவுமில்லை. அதற்கு முன்னால் வேண்டாம்.

நாலாவது வழி ஒன்று பேச்சுவாக்கில் கிடைத்தது. காலையில் அவர் வேலைக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் இறக்கிவிடலாம், கூடுதல் பெட்ரோல் இல்லை. சாயங்காலம் மட்டும் வேன். வேன்காரத் தம்பியிடம் கேட்டேன். “ஒரு வேளைக்கு 650 கொடுங்கக்கா” என்றார். கேட்காமலே இரண்டு வருஷம் முழுப் பணம் கொடுத்திருக்கிறோம். மிச்சம் 450, யாருக்கும் சிரமமில்லை. உங்கள் வீட்டில் வேன் ஓடினால் இந்த ஒன்றையாவது இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.

ஆக 750 ரூபாய். தேவை 3,000. முறுக்கையும் வேனையும் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் பள்ளிக் கட்டணத்தைப் பேசாமல் விட்டால் அது நேர்மையான கணக்காகாது. மகளுக்கு வருஷம் 24,000 கட்டணம். புத்தகம், சீருடை, ஷூ, ஆண்டு விழா உடை என்று இன்னொரு 6,000. மாதத்துக்கு 2,500. நாங்கள் தேடும் பணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

எங்கள் தெருவிலிருந்து ஆறு நிமிஷ நடையில் அரசு தொடக்கப் பள்ளி இருக்கிறது. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, காலணி, பை எல்லாம் அரசே கொடுக்கிறது, மதியச் சாப்பாடு உண்டு. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சாம்பாரோடு சூடாகக் கிடைக்கிறது. ஆறு நிமிஷ நடை என்பதால் வேன் கணக்கும் இல்லாமல் போகிறது. காசுக் கட்டத்தில் இதற்குப் போட்டியே கிடையாது.

தயங்கியது இங்கிலீஷ் குறித்து. அத்தைக்கு வேறு தயக்கம், சொந்தத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று. நான் இரண்டு முறை நேரில் போனேன். முதல் முறை சொல்லிவிட்டு, அடுத்த முறை சொல்லாமல் காலை எட்டரை மணிக்கு. தலைமையாசிரியர் தட்டு கழுவுமிடத்தில் நின்று பிள்ளைகளை வரிசையில் அனுப்பிக்கொண்டிருந்தார். எத்தனை ஆசிரியர்கள், எந்த வகுப்பையும் எந்த வகுப்பையும் சேர்த்து வைத்து நடத்துகிறீர்கள் என்று கேட்டேன், மறைக்காமல் சொன்னார். கழிப்பறையைப் பார்த்தேன், தண்ணீர் வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். திக்காமல் வாசித்தது. என் மகள் அதே பக்கத்தில் நாலு இடத்தில் நின்றாள்.

இதைப் பொதுவான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆசிரியர் எல்லா வகுப்பையும் பார்க்கும் பள்ளியாக இருந்தால் என் முடிவு வேறாக இருந்திருக்கும். உங்கள் தெருப் பள்ளியை நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும், முக்கியமாகச் சொல்லாமல் ஒரு முறை. எங்களைப் பொறுத்தவரை ஜூனில் மகள் அங்கே மூன்றாம் வகுப்பு. மிச்சமாகும் பணத்தில் மாதம் 500 எடுத்து, பக்கத்துத் தெருவில் டியூஷன் எடுக்கும் டீச்சரிடம் இங்கிலீஷுக்கு மட்டும் அனுப்புகிறோம். அத்தையிடம் என் வீட்டுக்காரர்தான் பேசினார். “நானும் அரசுப் பள்ளியில்தானே படிச்சேன் ஆத்தா” என்றார். அத்தை அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவை சின்னச் சின்ன விஷயம். கேன் தண்ணீரை நிறுத்திவிட்டோம். சம்பை ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன ஊர் இது, குழாயில் வருவதைக் காய்ச்சி ஆறவைத்தாலே போதுமாக இருக்கிறது. கரண்டில் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டோடு போவதில்லை, கீழ்ப்படியில் கிடைக்கும் சலுகையும் சேர்ந்து போய்விடும். அதனால் கோடையில் பாதி நாளில் ஒரு முறை மீட்டரைப் பார்த்துக்கொள்கிறேன். நாங்கள் இருப்பது பழைய வீட்டில் ஒரு கட்டு, சுவர் கனம், கீழே ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. மத்தியானம் பிள்ளைகள் வெறும் தரையில் படுத்தால் ஏசி கேட்பதில்லை. பையனுடைய சின்னதாகிப்போன சட்டை அக்கா மகனுக்குப் போகிறது, அங்கிருந்து பாவாடை சட்டை மகளுக்கு வருகிறது. தீபாவளிக்கு மட்டும் புதுத்துணி, அதில் கை வைக்கவில்லை.

ஜூனுக்குப் பின் கணக்குப் போட்டால் தின்பண்டத்தில் 300, வேனில் மொத்தமாக 1,100, பள்ளியில் 2,500, டியூஷன் 500 போக 3,400. குறைந்த 3,000-ஐ அடைத்தது போக 400 கையில் நிற்கிறது. கேன் தண்ணீரையும் இதையும் அதையும் சேர்த்தால் 600. அதை எங்கே போடுவது என்பதற்கும் மூன்று வழிகள் வந்தன.

அத்தை நகைச் சீட்டு என்றார்கள். 11 மாதம் கட்டினால் செய்கூலி, சேதாரத்தில் தள்ளுபடி கிடைக்கும். நகை எப்படியும் வாங்கத்தான் போகிறோம் என்பவர்களுக்கு நல்லதுதான். ஆனால் பணமாகத் திரும்பாது, நகையாகத்தான் எடுக்க வேண்டும். கடைக்கு ஏதாவது ஆனால் நம் பணம் சிக்கிக்கொள்ளும், எங்கள் சொந்தத்தில் ஒருவருக்கு அப்படி ஆகி இன்னும் அலைகிறார். தெருவில் நடக்கும் ஏலச்சீட்டு அவசரத்துக்குக் கைகொடுக்கும், மறுக்கவில்லை. பதிவில்லாத சீட்டில் பிடிப்பவர் ஒருவரின் நாணயத்தை நம்பித்தான் எல்லாமே. பிள்ளை பேரில் போடும் பணத்தை அந்த நம்பிக்கையில் வைக்க எனக்குத் துணிவில்லை.

அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தேர்ந்தெடுத்தோம். பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆகும் முன் தொடங்கிவிட வேண்டும், மகளுக்கு ஏழு. வருஷத்துக்குக் குறைந்தது 250, அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 வருஷம் கட்டினால் தொடங்கியதிலிருந்து 21-ஆம் வருஷம் முதிர்வு. வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசு அறிவிக்கும், 2024 தொடக்கத்தில் 8.2 சதவீதமாக்கினார்கள். 18 வயதில் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கையில் எடுக்க முடியாத பணம் என்பது ஒரு குறைதான், நடுவில் வீட்டில் கஷ்டம் வந்தால் அதைத் தொட முடியாது. அதனால் 600-ஐயும் போடாமல் 400 அங்கே, 200 அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில். கஷ்டமான வருஷத்தில் 250 மட்டும் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும், மூன்றாவது கட்டத்தில் தேறியது அதனால்தான்.

மாதம் 5-ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி சேரும். முதல் மாதம் 4-ஆம் தேதி மகளையே கூட்டிப்போனேன். பாஸ்புக்கில் தன் பெயர் அச்சாகியிருப்பதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, வீடு வரும்வரை அவளேதான் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.